ஓய்வூதியமும் ரினிவலும்: சிப்பாய் வருமானம், ஏஜென்ட் வருமானம்

கால் காசு என்றாலும் கவர்மென்ட் காசு என்பது பெண் கொடுக்கும் வீடுகளின் பழைய கணக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆள்சேர்ப்புக் கூட்டங்களில் கேட்கக் கிடைப்பது நேர் எதிர்க் கணக்கு: சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கமிஷனுக்குக் கிடையாது. பள்ளிப் படிப்போடு வேலை தேடும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு கணக்குகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் காத்திருக்கின்றன. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர். அதே தமிழ்நாட்டில், 2024 கணக்குப்படி, எல்ஐசிக்கு மட்டும் 87,000க்கு மேற்பட்ட ஏஜென்ட்டுகள். இரண்டு தொழிலுக்குமே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டுமே நடந்து தேய்கிற தொழில்கள்.

எது நல்ல வருமானம் என்று கேட்டால் எல்லோரும் மாதச் சம்பளத்தையும் மாதக் கமிஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒப்பீடு பெரும்பாலும் தவறான விடையையே தரும். சிப்பாயின் ஊதியத்தில் கணிசமான பகுதி அவர் சீருடையைக் கழற்றிய பிறகுதான் வருகிறது. ஏஜென்ட்டின் நல்ல வருமானமும் அவர் முதல் பாலிசியை விற்றுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. ஆகவே எவ்வளவு வருகிறது என்பதோடு, எப்போது வருகிறது, வராமல் போனால் நட்டம் யாருக்கு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இந்திய ராணுவத்தின் சிப்பாயையும் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சம்பளச் சீட்டில் இருப்பது

முதலில், 2022க்கு முந்தைய முறையில் நிரந்தரமாகச் சேர்ந்த சிப்பாய். ஏழாவது ஊதியக் குழுவின்படி அவர் மூன்றாம் நிலையில், 21,700 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறார். அதன்மேல் ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாய். ராணுவ வாழ்க்கையின் கெடுபிடிக்காகத் தரப்படும் இந்தத் தொகை சிவில் ஊழியர்களுக்குக் கிடையாது. இவை இரண்டின் மீதும் அகவிலைப்படி கணக்கிடப்படும். 2025 ஜூலை நிலவரப்படி அது 58 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 42,500 ரூபாய். ஆண்டுக்கு 3 சதவீதம் ஊதிய உயர்வு. பதவி உயர்வே கிடைக்காவிட்டாலும் 8, 16, 24 ஆண்டுகளில் ஊதிய நிலை ஒரு படி ஏறும். நாயக் 25,500, ஹவில்தார் 29,200, நாயப் சுபேதார் 35,400 என்று அடிப்படை ஊதியங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டுவிட்டதால் தொகைகள் மாறும். ஆனால் இங்கே நமக்கு முக்கியம் தொகை அல்ல, அது அடுக்கப்பட்டிருக்கும் விதம்.

பணியிடத்தின் கடுமையைப் பொறுத்துப் படிகள் தனி. அவற்றின் உச்சம் சியாச்சின்: அங்கே நிற்கும் ஜவானுக்கும் இளநிலை அதிகாரிக்கும் மாதம் 30,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 42,500. சிப்பாயின் அடிப்படை ஊதியத்தை விட அந்தப் படி பெரிது. அங்கே நிற்பதன் விலை என்னவென்று அரசே எழுதி வைத்திருக்கும் இடம் அது.

சீட்டில் இல்லாதது

சாப்பாடு, உடுப்பு, முகாமில் தங்கும் இடம் ஆகியவை சிப்பாய்க்குச் செலவே இல்லை. வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் ஒரு விற்பனைப் பையன் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். ஆண்டுக்கு 60 நாள் விடுப்பும், அது போக 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. 1948இல் தொடங்கிய சிஎஸ்டி கான்டீனில் பிரஷர் குக்கர் முதல் மோட்டார் சைக்கிள் வரை வெளிச்சந்தையை விடக் குறைந்த விலை. ஓய்வுக்குப் பிறகு, 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பெற்றோர் வரை பார்த்துக்கொள்கிறது. ஹவில்தார் வரையிலானவர்கள் அதற்குக் கட்டுவது ஒரே முறை 30,000 ரூபாய். அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி வெளியில் மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் ஆண்டுக்கு ஆண்டு என்ன பிரீமியம் கேட்பார்கள் என்பது எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் தெரியும்.

உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன என்ற கேள்விக்கும் பதில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பணியில் இறந்தால், சூழ்நிலையைப் பொறுத்து 25 லட்சம் முதல் 45 லட்சம் வரை மத்திய அரசின் கருணைத்தொகை. போரில் இறந்தவரின் மனைவிக்கு, கணவர் கடைசியாக வாங்கிய ஊதியம் முழுவதும் குடும்ப ஓய்வூதியமாகிறது. இவை போக, 1976இல் தொடங்கிய ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியும் உண்டு. ஏஜென்ட் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் விற்கும் பாதுகாப்பைச் சிப்பாய் பணியில் சேரும் நாளிலேயே பெற்றுவிடுகிறார்.

ஓய்வூதியத்துக்கு விலை போட்டால்

இத்தனையையும் விடப் பெரியது ஓய்வூதியம். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 15 ஆண்டுப் பணி இருந்தால் போதும், அதிகாரிகளுக்கு 20. கடைசி ஊதியத்தில் பாதி, ராணுவப் பணி ஊதியத்தையும் சேர்த்து, வாழ்நாள் முழுவதும் வரும். அகவிலை நிவாரணமும் ஆண்டுக்கு இருமுறை கூடும். 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் திட்டத்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பழையவர்களின் ஓய்வூதியமும் மறுகணக்கீடு செய்யப்படுகிறது.

இதற்கு ஒரு விலை போட்டுப் பார்ப்போம். 17 ஆண்டு முடித்து, 38 வயதில் ஊர் திரும்பும் ஒருவரின் அடிப்படை ஊதியம் 36,000 என்று வைத்துக்கொள்வோம். பணி ஊதியத்துடன் 41,200. அதில் பாதி 20,600. 58 சதவீத அகவிலை நிவாரணத்தோடு மாதம் சுமார் 32,500 ரூபாய். இதை இன்னும் 35 ஆண்டு வாங்குவார் என்றும், பணவீக்கம் போக முதலீடு 3 சதவீதம் ஈட்டும் என்றும் கொண்டால், இந்த ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 84 லட்சம். அதே வருமானத்தை வெளியில் இருப்பவர் தானே உருவாக்க வேண்டுமென்றால், 17 ஆண்டும் மாதந்தோறும் இன்றைய மதிப்பில் 32,000 ரூபாய் சேமித்திருக்க வேண்டும். அதாவது சிப்பாய் படையில் இருந்த ஒவ்வொரு மாதமும், கண்ணில் படாத இன்னொரு சம்பளமாக ஒரு மாத ஓய்வூதியத்தையே சம்பாதித்திருக்கிறார். சீட்டில் 42,500 என்று தொடங்கிய வேலையின் உண்மையான ஊதியம், முழுப் பணிக்காலமும் முடிப்பவருக்கு 75,000ஐ ஒட்டி நிற்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் இதில் சேரவில்லை. விடைபெறும்போது வரும் பணிக்கொடை, இதே உதாரணத்தில், ஐந்தரை லட்சம்.

இந்த மறைந்த சம்பளத்தை வாங்குபவர்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. பனிப்போர் முடிந்து படையைக் குறைத்தபோது, 1990களின் தொடக்கத்தில், வெளியேற முன்வந்த வீரர்களிடம் இரண்டு வாய்ப்புகள் வைக்கப்பட்டன: இப்போதே ஒரு மொத்தத் தொகை, அல்லது பல ஆண்டுகள் வரும் ஆண்டுத் தொகை. ஆண்டுத் தொகையின் மதிப்பு மிக அதிகம். அதை வேண்டாம் என்பவர் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்குபவருக்குச் சமம். ஆனாலும் சாதாரண வீரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேலும், அதிகாரிகளில் பாதிப் பேரும் மொத்தத் தொகையையே எடுத்தார்கள் என்று வார்னர், பிளீட்டர் என்ற பொருளியலாளர்கள் 2001இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. நம் ஊரில் ஓய்வூதியத்தில் பாதி வரை முன்தொகையாக வாங்கும் வசதிக்கு வரவேற்பு இருப்பதும் இதே மனக்கணக்குதான். வாங்கிய பகுதி 15 ஆண்டு கழித்தே திரும்பி வரும். அதற்குள் வீடு கட்டியாகிவிடும், பெண்ணுக்குக் கல்யாணமும் முடிந்துவிடும்.

கமிஷன் எப்படி வளர்கிறது

இனி மறுபக்கம். எல்ஐசியில் மரபான சேமிப்புப் பாலிசிகளுக்கு முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் என்பது நெடுங்காலப் பழக்கம். பிறகு வரும் ஆண்டுகளில் ரினிவல் கமிஷனாக ஏழரை சதவீதமும், பின்னர் 5 சதவீதமும். பாலிசியைச் சீக்கிரமே ஒப்படைப்பவர்களுக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் வந்ததும் இந்த ஏற்பாடு மாறியது. முதல் ஆண்டுக் கமிஷன் 28 சதவீதமாகக் குறைந்தது. ரினிவல் கமிஷன் 5இலிருந்து ஏழரையாக உயர்ந்தது. சங்கங்கள் கொதித்தெழுந்தன. நீண்ட காலம் நிற்பவருக்கு இது நல்லது, புதிதாக வருபவருக்குச் சுமை.

ஆண்டுக்கு 20 பாலிசி, ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் பிரீமியம் என்று ஒருவர் விற்பதாகக் கொள்வோம். முதல் ஆண்டில் புதுப் பிரீமியம் ஐந்து லட்சம், கமிஷன் 1,40,000. மாதத்துக்கு 11,700 ரூபாய்கூட இல்லை. அதில் பெட்ரோல், போன், காபிச் செலவு எல்லாம் அவருடையது. இரண்டாம் ஆண்டு புது விற்பனையோடு பழையவற்றின் ரினிவல் சேர்கிறது. மூன்றாம் ஆண்டு இரண்டு ஆண்டுகளின் ரினிவல். தென்னை வைப்பது போன்ற தொழில் இது. முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. இடையில் நின்றுபோகும் பாலிசிகளைக் கழித்துவிட்டால், பத்தாம் ஆண்டில் புதுக் கமிஷன், ரினிவல் இரண்டும் சேர்ந்து மாதம் 30,000 ரூபாயை எட்டும். அதற்குள் எத்தனை பேர் தொழிலை விட்டுப் போனார்கள் என்பதைக் கிளை அலுவலகத்தின் பழைய பதிவேடுகளில் பார்க்கலாம்.

ரினிவல் என்பது தானாக வருவதல்ல. பாலிசி எடுத்த பார்ட்டி பிரீமியம் கட்டினால்தான் கமிஷன். எல்ஐசியில் பிரீமியக் கணக்கில் 13ஆம் மாதத்தில் முக்கால் பங்கு பாலிசிகளும், 61ஆம் மாதத்தில் 60 சதவீதத்தை ஒட்டியும்தான் உயிரோடு இருக்கின்றன. லேப்ஸ் ஆகும் ஒவ்வொரு பாலிசியும் ஏஜென்ட்டின் ஓய்வூதியத்தில் விழும் ஓட்டை. பார்ட்டியின் வேலை போனாலும், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தாலும், மழை பொய்த்தாலும் அந்த ஓட்டை விழுகிறது.

இப்போது இரண்டு கணக்குகளையும் நேரெதிரே வைக்கலாம். சிப்பாயின் 32,000 ரூபாய் ஓய்வூதியத்துக்குச் சமமான வருமானம் ரினிவலிலிருந்து மட்டும் வர வேண்டுமென்றால், ஏழரை சதவீதத்தில் ஆண்டுக்கு 51 லட்சம் பிரீமியம் உயிரோடு இருக்க வேண்டும். 25,000 ரூபாய்ப் பாலிசிகளாக அது 200க்கு மேல். பத்தில் நாலு லேப்ஸ் ஆகும் என்றால் சுமார் 340 பாலிசிகளை விற்றிருக்க வேண்டும். 17 ஆண்டுகளில் ஆண்டுக்கு 20. இது முடியாத காரியமில்லை. ஊருக்கு ஊர் செய்து காட்டியவர்கள் உண்டு. ஆனால் சிப்பாயின் ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறும். ரினிவல் ஏறாது, பாலிசிகள் முதிர்வடைய முதிர்வடையக் கரையும். எனவே ஏஜென்ட்டுக்கு 38 வயதில் ஓய்வு கிடையாது. கரைகிற இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கமிஷனுக்கும் ஒரு குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஏஜென்ட்டுகள் அதைப் பரம்பரைக் கமிஷன் என்பார்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவர் இறந்தால், அவர் விற்ற பாலிசிகளின் ரினிவல் வாரிசுக்குப் போகும். தனியார் விற்பனை வேலைகள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒன்றே இல்லை. கார் ஷோரூமிலோ வங்கிக் கடன் விற்பதிலோ இன்சென்டிவ் என்பது அந்த மாத டார்கெட்டோடு முடிந்துபோகும். அடுத்த மாதம் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். அந்த வகையில் ஆயுள் காப்பீடு கமிஷன் தொழில்களில் சிப்பாய் வேலைக்கு மிக அருகில் நிற்பது. அதையே ஒப்பிட எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுதான்.

சராசரியின் இரு முகம்

2024இல் எல்ஐசி மத்திய நிதியமைச்சகத்துக்குத் தந்த விவரங்கள் என்று செய்திகளில் வெளிவந்த எண்களின்படி, தமிழ்நாட்டு ஏஜென்ட்டின் சராசரி மாத வருமானம் 13,444 ரூபாய். அதிக ஏஜென்ட்டுகள் இருக்கும் உத்தரப் பிரதேசத்தில் 11,887. இமாச்சலப் பிரதேசத்தில் 10,328. நாம் போட்ட ஆண்டுக்கு 20 பாலிசிக் கணக்கை எட்டுகிறவர்கள் சராசரியை விட மேலே இருப்பவர்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் கமிஷன் தொழிலில் சராசரி யாரையும் குறிப்பதில்லை. ஆசிரியர் வேலையோடு பக்கத்தில் பாலிசி போடுபவரும், மனைவி பெயரில் ஏஜென்சி வைத்திருப்பவரும், மார்ச் மாதத்தில் வருமான வரிக்காக மட்டும் விழித்துக்கொள்பவரும் அதில் சேர்த்தி. மறுகோடியில், அதிகம் விற்றவர்களைக் கொண்டாடும் சேர்மன் கிளப், எம்டிஆர்டி மேடைகளில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் ஆண்டு வருமானத்தை ஒரு படைப்பிரிவின் தலைமை அதிகாரி பொறாமையோடு பார்க்கக்கூடும். சிப்பாய்களின் ஊதியத்தை ஒரு காகிதத்தில் வரைந்தால் அது பணிக்காலத்தைக் கேட்டாலே சொல்லிவிடக்கூடிய நேர்கோடு. ஏஜென்ட்டுகளின் வருமானமோ நீண்ட தாழ்நிலமும் கடைசியில் ஒரு குன்றும். ஆள்சேர்ப்புக் கூட்டத்தில் காட்டப்படுவது அந்தக் குன்றின் புகைப்படம்.

இந்த மயக்கத்தை 1776லேயே ஆடம் ஸ்மித் கவனித்திருக்கிறார். நாடுகளின் செல்வம் நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: இளைஞர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை எப்போதும் கூடுதலாகவே எடைபோடுவார்கள், அதனால்தான் கூலியாளை விடக் குறைந்த ஊதியத்துக்கும் கூடுதல் துன்பத்துக்கும் படையில் சேர ஆள் கிடைக்கிறது. அவர் காலத்துச் சிப்பாய்க்கு இருந்த அந்த மயக்கம் இன்று விற்பனைத் தொழிலுக்கு இடம் மாறியிருக்கிறது. இன்றைய ராணுவ வேலைக்கு ஈர்ப்பே அதன் நிச்சயம்.

ஆபத்து யார் தலையில்

ஊதியம் என்பது ஆபத்துக்கும் விலை. சிப்பாயின் ஆபத்து உடம்பின் மீது. குண்டு மட்டுமல்ல, பனி, உயரம், சாலை விபத்து, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்காத தனிமை. குடும்பத்தோடு தங்கும் குடியிருப்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறும்போது பிள்ளைகளின் பள்ளி மாறும், மனைவியின் வேலை போகும். அந்த இழந்த சம்பளத்தைச் சிப்பாயின் கணக்கில் யாரும் கழிப்பதில்லை. அதோடு, பிடிக்கவில்லை என்று நாளையே வேலையை விட முடியாது. ராணுவச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

ஏஜென்ட்டின் ஆபத்து பணத்தின் மீதும் உறவுகளின் மீதும். முதல் பாலிசிகள் மாமா, சித்தப்பா, பள்ளித் தோழன் என்று வீட்டு வட்டத்திலேயே விற்கப்படுகின்றன. அந்த வட்டம் தீர்ந்ததும் அறிமுகமில்லாத கதவுகளைத் தட்ட வேண்டும். தொழிலை விடுபவர்கள் பெரும்பாலும் விடுவது அங்கேதான். போட்டியில் முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் தன் கமிஷனிலிருந்து பார்ட்டிக்கே திருப்பிக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. அபராதம் பத்து லட்சம் வரை போகலாம். இருந்தும் நடக்கிறது. ஆக 28 சதவீதக் கமிஷன் எல்லோர் கைக்கும் 28ஆகவே வந்து சேர்வதில்லை. சமூகப் பாதுகாப்பும் குறைவு: 2023இல் எல்ஐசி ஏஜென்ட்டுகளின் பணிக்கொடை உச்சவரம்பை மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தினார்கள், ஆயுள் காப்பு 25,000 முதல் ஒன்றரை லட்சம் வரை ஆனது. அந்த ஐந்து லட்சம் வாழ்நாள் உழைப்பின் உச்சவரம்பு. சிப்பாயோ 17 ஆண்டிலேயே அந்தத் தொகையைத் தாண்டுகிறார்.

அதற்கு ஈடாக ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது சுதந்திரம். யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம். சொந்த ஊரை விட வேண்டாம். அறுபது வயதுக்குப் பிறகும் தொழில் செய்யலாம். இவற்றுக்கும் விலை உண்டு, ஆளுக்கு ஆள் அது மாறும்.

சிப்பாய்க்கு ஏன் கமிஷன் இல்லை

படைவீரனுக்கு ஒரு காலத்தில் கமிஷன் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் கருவூலம் வென்ற படைக்குள் பங்கு போடப்பட்டது. தளபதி ஹாரிஸுக்கு ஒரு பெருஞ்செல்வம், சிப்பாய்களுக்குச் சில பவுண்டுகள். தளபதியின் பங்கு அளவு மீறியது என்று பின்னர் வழக்கும் நடந்தது. கொள்ளைக்குப் பங்கு உண்டு என்றால் படை எங்கே போகும் என்பதைக் கொள்ளைதான் தீர்மானிக்கும். செல்வமில்லாத எல்லையைக் காக்க யாரும் நிற்க மாட்டார்கள். அளக்க முடிந்ததற்கு மட்டும் பணம் கொடுத்தால் அளக்க முடியாத கடமைகள் கைவிடப்படும் என்று ஹோம்ஸ்ட்ராம், மில்கிராம் 1991இல் கோட்பாடாக எழுதினார்கள். ராணுவங்கள் அதை அனுபவத்தில் முன்பே கற்றுவிட்டன. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் காவல். நடக்காத ஒன்றுக்கு எத்தனை சதவீதம் கொடுப்பது?

காப்பீட்டில் நிலைமை தலைகீழ். விற்ற பாலிசியை எண்ணலாம். ஏஜென்ட் நாள் முழுக்க எங்கே சுற்றினார் என்பதைக் கண்காணிக்க முடியாது. அதனால் கம்பெனி எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கிறது. தேவையில்லாதவருக்கும் பாலிசி விற்கப்படுவது அதன் பக்கவிளைவு. முதல் ஆண்டுக் கமிஷனைக் குறைத்து ரினிவலைக் கூட்டிய 2024 மாற்றம் இந்த நோய்க்கான மருந்துதான். பார்ட்டி பத்தாண்டு கட்டினால்தான் ஏஜென்ட்டும் பிழைப்பார் என்றாகும்போது, கட்ட முடியாதவருக்கு விற்கக் கை தயங்கும்.

இடம் மாறும் இரண்டு தொழில்கள்

அண்மைக் காலத்தில் இந்த இரண்டு தொழில்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருக்கின்றன.

2024 டிசம்பரில் எல்ஐசி பீமா சகி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏஜென்ட்டாகச் சேர்ந்தால், கமிஷன் போக முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை. மூன்றாண்டுக்கு 2,16,000. விற்பனை இலக்கும், பழைய பாலிசிகள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கமிஷன் மட்டும் நம்பி முதல் மூன்று ஆண்டைத் தாண்டுவது கடினம் என்பதை நாட்டின் மிகப் பெரிய காப்பீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்தக் காலத்துக்கு ஒரு சிறு சம்பளம் தருகிறது.

அரசு இதற்கு நேர்மாறாக நடந்தது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேரும் அக்னிவீரருக்கு நான்கு ஆண்டுப் பணி. மாத ஊதியம் 30,000இல் தொடங்கி 33,000, 36,500, 40,000 என்று ஏறும். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம். அரசும் அதே அளவு போடும். கைக்கு வருவது 21,000 முதல் 28,000 வரை. முடிவில் வட்டியோடு 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. அகவிலைப்படி இல்லை, ராணுவப் பணி ஊதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, ஓய்வூதியம் இல்லை. நான்கில் ஒருவர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம். அதிகாரிகளிடையே இதற்கு முன்னுதாரணம் உண்டு: குறுகிய காலப் பணிக்கு வரும் அதிகாரிகள் பத்து முதல் 14 ஆண்டு பணியாற்றி ஓய்வூதியம் இல்லாமலே விடைபெறுகிறார்கள். அமெரிக்காவும் 2018இல் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைக் குறைத்து, வீரரின் சேமிப்புக்கு அரசு ஈடு போடும் கலப்பு முறைக்கு மாறியது. ஆனால் 20 ஆண்டு முடிப்பவரின் ஓய்வூதியத்தை அது அடியோடு எடுத்துவிடவில்லை.

நான்கு ஆண்டை மட்டும் பார்த்தால் அக்னிவீரரின் நிலை மோசமில்லை. கையில் வருவது சராசரி 24,400 ரூபாய். 11.71 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 24,400. ஆக மாதம் 49,000 ரூபாய். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். நாம் பார்த்த ஆண்டுக்கு 20 பாலிசி ஏஜென்ட் முதல் நான்கு ஆண்டில் ஈட்டுவது மொத்தம் ஏழேகால் லட்சம். அக்னிவீரர் 23 லட்சத்துக்கு மேல். 22 வயதில் எந்தக் கமிஷன் தொழிலும் ஒரு புதியவருக்கு இதைத் தராது.

ஐந்தாம் ஆண்டில் நிலைமை புரளும். ஏஜென்ட்டுக்கு அந்த ஆண்டு ஒரு புதுப் பாலிசிகூடப் போடாவிட்டாலும் ரினிவலாக ஒரு லட்சம் வரும். நிரந்தரப் பணி கிடைக்காத அக்னிவீரருக்கு வருமானம் பூஜ்யம். நிரந்தரச் சிப்பாயோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் தெளிவாகும். அவர் முழுப் பணிக்காலம் முடித்தால் ஒவ்வொரு மாதமும் அரசு அவர் பெயரில் 32,000 ரூபாய் மதிப்புள்ள ஓய்வூதிய உரிமையை ஏற்றிக்கொண்டே போனதாக அர்த்தம். அக்னிவீரருக்கு அரசு போடும் ஈடு 9,000 முதல் 12,000. சேவா நிதியில் மீதிப் பாதி அவருடைய சொந்தப் பிடித்தம். அதே பனி, அதே எல்லை, அதே துப்பாக்கி. பின்னால் வர வேண்டிய சம்பளத்தை எடுத்துவிட்டால் முன்னால் வரும் சம்பளம் கூடியிருக்க வேண்டும் என்பதே கூலியின் பொது நியாயம். இங்கே முன்சம்பளமும் குறைந்திருக்கிறது. படையின் சராசரி வயதைக் குறைப்பது, ஓய்வூதியச் செலவைக் கட்டுப்படுத்துவது போன்ற அரசின் காரணங்கள் வலுவானவையாக இருக்கலாம். ஆனால் மிச்சப்படும் பணத்தின் ஆபத்து காணாமல் போகவில்லை. அரசின் தோளிலிருந்து 22 வயதுப் பையனின் தோளுக்கு இறங்கியிருக்கிறது.

எதைப் பார்த்துத் தேர்வது

ஓய்வூதியம் உள்ள சிப்பாய் வேலையைச் சராசரி ஏஜென்ட்டின் வருமானம் நெருங்கவே முடியாது. சராசரியைத் தாண்டி 17 ஆண்டு இடைவிடாமல் ஆண்டுக்கு 20 பாலிசி விற்று, அவற்றை லேப்ஸ் ஆகாமல் காப்பாற்றுபவர் அதைத் தொடலாம். அதற்கும் மேலே போகிறவர்களுக்கு எல்லை இல்லை. ஆனால் அந்த ஒரு சிலரை முன்வைத்து ஒரு குடும்பம் முடிவெடுக்கக் கூடாது.

நடைமுறையில் சிறந்த வழி இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது. முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் உழைக்கும் வயதில் இருப்பவர்கள். 1986இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ போன்ற அமைப்புகள் அவர்களுக்குக் காவலர் வேலை தருகின்றன. ஏஜென்ட் தொழிலுக்கு வரும் முன்னாள் வீரருக்கோ இன்னொரு பலமும் உண்டு. அவருக்கு அடுப்பெரிய ஓய்வூதியம் இருக்கிறது. பசிக்காக யாரையும் நெருக்கி விற்க வேண்டியதில்லை. முதல் ஐந்து வறண்ட ஆண்டுகளைத் தாங்க முடியும். பலரை இந்தத் தொழிலிலிருந்து துரத்துகிற காரணமே அவரை அண்டாது.

அக்னிவீரருக்கு அந்தத் தரை கிடையாது. அவர் கையில் இருப்பது 11.71 லட்சம். முதல் அணி 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. 2026 முடிவிலிருந்து அவர்கள் ஊர் திரும்பத் தொடங்குவார்கள். அந்தப் பணத்துக்கு முதலில் வந்து நிற்கப்போவது கமிஷனில் வாழும் ஒருவராகத்தான் இருக்கும், ஏஜென்ட்டோ நிலத் தரகரோ. வீட்டாருக்குச் சொல்லக்கூடிய அறிவுரை எளியது: அடுத்த வேலையோ படிப்போ உறுதியாகும் வரை அதை 15 ஆண்டு, 20 ஆண்டு பிரீமியம் கேட்கும் எதிலும் பூட்ட வேண்டாம். வருமானம் தொடருமா என்று தெரியாதவர் எடுக்கும் பாலிசிதான் முதலில் லேப்ஸ் ஆகிறது. அப்போது நட்டம் இருவருக்கும்: ஒருவருக்குச் சேமிப்பு போகும், மற்றவருக்கு ரினிவல் போகும்.